ஒரு ‘வாரேன்’ தேடி அருப்புக்கோட்டை வரை

அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடம், டீக்கடையில் என் பக்கத்தில் நின்றவர் தம்ளரை வைத்துவிட்டு, “வாரேண்ணே” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: காலை ஒன்பது நாற்பது, ஒருவர், ‘வாரேன்’. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. அதற்குள் இன்னும் ஏழு பேர் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். அவரும் ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதால் வந்தார்.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா எழுதுறீக? வாக்காளர் லிஸ்ட்டா?”

“இல்லைங்க. ‘வாரேன்’ என்ற சொல்லைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன்.”

“அதுல விசாரிக்க என்ன இருக்கு? போறேன்னு சொன்னா வெளங்குமா?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “டிவில செய்தி வாசிக்கிறவுக மாதிரி பேசுறீகளே, நீங்க எந்த ஊரு?” என்றார்.

சிங்கப்பூர் என்றேன். இன்னொரு டீ போட்டார். கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரை. எங்கள் ஊர்க் கோப்பிக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்பதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சொல்லுக்குத் தேவை வந்ததில்லை போலும்.

அங்கே ஒரு கல்லூரியில் பன்னாட்டுச் சட்டம் நடத்துகிறேன். நாடுகள் தங்களுக்குள் என்னென்ன ஒப்பந்தம் செய்துகொள்கின்றன, செய்ததை அவரவர் வீட்டில் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள், எப்படி நழுவுகிறார்கள் என்பதுதான் பாடம். தலை நரைக்கும்வரை சொல்லிக்கொடுத்தாயிற்று. எந்த நாடும் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை. கூடவே நீதிமன்றங்களுக்கும் வக்கீல்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு செய்து தருவேன். அந்த இரண்டாவது வேலைதான் என்னை இந்தப் புரட்டாசி வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியது.

வழக்கு இதுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகேஸ்வரி திருச்சுழிப் பக்கத்துப் பெண். கணவர் சுந்தர் கோயம்புத்தூர்க்காரர், சிங்கப்பூரில் பொறியாளர். மகள் யாழினி பிறந்ததும் நடந்ததும் பேசியதும் சிங்கப்பூரில். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தம்பி கல்யாணத்துக்காக ஆறு வாரம் என்று சொல்லி மகேஸ்வரி குழந்தையோடு ஊருக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

தாயோ தகப்பனோ ஒருவர் மற்றவருடைய சம்மதமில்லாமல் பிள்ளையை நாடு தாண்டிக் கொண்டுபோனாலும், போன இடத்திலேயே வைத்துக்கொண்டாலும், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே அதைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஹேக் நகரத்தில் செய்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பிறகு பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் அதில் சேர்ந்திருக்கிறது. இந்தியா சேரவில்லை. சேராத நாட்டிடம் ஒப்பந்தத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேட்க முடியாது.

அதனால் சுந்தர் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மதுரை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார். இங்குள்ள நீதிபதிகள் அயல்நாட்டு உத்தரவுக்கு மரியாதை கொடுப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு எது நல்லது என்பதையே முதலில் பார்ப்பார்கள். மரியாதை எவ்வளவு, நல்லது எவ்வளவு என்பது வழக்குக்கு வழக்கு மாறும். வகுப்பில் நான் இதை ஒரு மணி நேரம் நடத்துவேன். மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

நான் எங்கே வருகிறேன் என்றால், விமான நிலையத்திலிருந்து மகேஸ்வரி கணவருக்கு அனுப்பிய குரல் செய்தியில். “போயிட்டு வாரேங்க. புள்ளைய நான் பாத்துக்கிடுவேன்.” அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில், “நான் போய்விட்டுத் திரும்பி வருவேன்” என்று பொருள்படும்படி மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தேன். தாயே தன் வாயால் திரும்பி வருவதாக உறுதி கொடுத்திருக்கிறார் என்று சிங்கப்பூர்த் தீர்ப்பில் வந்தது. படித்தபோதே எனக்கு உறுத்தியது. தமிழில் விடைபெற வேறு எப்படித்தான் சொல்ல முடியும்?

மதுரையில் ஒரு கருத்தரங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு மகேஸ்வரியின் வக்கீல் பொன்ராஜ் அருப்புக்கோட்டையிலிருந்து ஃபோன் செய்தார். “மேடம், அடுத்த புதன்கெழமை கேஸு ஹியரிங் வருது. அந்த ‘வாரேன்’ வாக்குறுதி இல்ல, வெறும் வாய்வழக்கம்னு நீங்க ஒரு அபிடவிட்டு குடுத்தாப் போதும். மொழிபெயர்த்தவுகளே சொன்னா அதுக்கு ஒரு வெயிட்டு இருக்கும்ல?” எனக்கும் மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்ததால் சரி என்றேன். சுந்தரின் வக்கீலுக்கும் ஒரு கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பொன்ராஜுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அலுவலகம் தறிகள் ஓடும் தெரு ஒன்றில் மாடியில் இருக்கிறது. கீழே தறிச் சத்தம். அவர் இயேசு படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, நீதிமன்றத்திலும் அதே குரலில் பேசி நீதிபதிகளிடம் திட்டு வாங்குகிறவர். இது அவரே சொன்னது.

“நாள் பூரா இங்கன உக்காந்து பாருங்க மேடம். எம்புட்டுப் பேரு வாரேன்னுட்டுப் போறான், எவன் திரும்ப வாரான்னு நீங்களே குறிச்சுக்கிருங்க. கட்சிக்காரன் வாரேன்னு சொன்னா அடுத்து நான் அவனைப் பாக்குறது எதிர்ப்பார்ட்டி வக்கீலு வீட்டு வாசல்லதான்.”

மதியம் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள், இங்கே பொரித்தெடுக்கிறார்கள். மொறுமொறுவென்று இருந்ததைக் குழம்பில் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவதென்றால், அவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கியது எதற்கு என்று கேட்டேன். பொன்ராஜ் சிரிக்கவில்லை. “சாப்பிட்டுட்டுக் கேளுங்க” என்றார். சாப்பிட்டேன். கேட்கத் தோன்றவில்லை.

மாலைக்குள் என் குறிப்பேட்டில் நாற்பத்தொரு ‘வாரேன்’ சேர்ந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் பூக்காரம்மாவிடம் ஒரு பெண் வாரேன் சொன்னாள். பூக்காரம்மா “வா” என்றாள். அந்தப் பெண் ஏறியது சென்னை பஸ். இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாள் மகேஸ்வரியைப் பார்க்க வேண்டும். கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை, எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன்ராஜ் காலையில் கோர்ட்டில் தலையைக் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். எல்லா ஊரிலும் பஸ் ஏறிப் பழகியவள் என்ற திமிர்.

“இந்த பஸ் ரெட்டியபட்டி போகுமா?” என்று ஒருவரைக் கேட்டேன். “போகும், போகும், ஏறுங்க” என்றார். போகும் என்றது பஸ் கிளம்பும் என்ற பொருளில் என்பது, தூத்துக்குடி சாலையில் லாரிகளுக்கு நடுவே பந்தல்குடியில் இறங்கி நின்றபோதுதான் விளங்கியது. கண்டக்டர் வருத்தப்பட்டார். “ஏறும்போது ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கக் கூடாதாம்மா? அது வேற ரோட்டுல போற பஸ்ஸுல்ல.” எங்கள் ஊர் பஸ்ஸில் பயண அட்டையைத் தட்டினால் ஓட்டுநர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஒருவரைக் கேட்டது போதாது, மூன்று பேரைக் கேட்க வேண்டும்.

பந்தல்குடியில் ஒரு லாரிப் பட்டறை ஓரம் உட்கார இடம் கொடுத்தார்கள். வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன். ஒரு மணி நேரத்தில் பொன்ராஜ் காரோடு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதற்காகப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

காரில் போகும்போது, “மேடம், போற வழியில ஒரு துஷ்டி வீடு. நம்ம கட்சிக்காரரு, முந்தாநாத்துத் தவறிட்டாரு. ஒரு எட்டு தலையைக் காட்டிட்டுப் போயிருவோம்” என்றார். துஷ்டி என்றால் சாவு. நல்லது, போவோம் என்றேன்.

வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆண்கள். பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். இறந்தவரின் மகள் யாரென்றே தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கால் மணி நேரம் கழித்து வக்கீல் வாசலிலிருந்து கண்ணைக் காட்டினார். நான் எழுந்து, அந்த மகளைப் பார்த்துக் கைகூப்பி, “போய்ட்டு வர்றேன்மா” என்றேன்.

சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாததல்ல, சின்ன வயதிலேயே அம்மா சொல்லித் தந்ததுதான். வாய் முந்திக்கொண்டது.

அழுகை நின்றுவிட்டது. “யாத்தே!” என்றது ஒரு குரல். மூலையிலிருந்த ஒரு பெண் நேராகவே கேட்டார்: “திரும்ப எதுக்கும்மா வாரீக? ஒண்ணு போனது பத்தாதா?” இன்னொருவர்தான் என்னைக் காப்பாற்றினார். “வெளியூர்க்காரக, தெரியாமச் சொல்லிட்டாக. விடுங்க. நீங்க அப்படியே திரும்பிப் பாக்காமப் போங்கம்மா.” திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடினேன். ஒரு செருப்பு மாறிப்போயிருந்தது; திரும்பப் போய் எடுக்கும் துணிச்சல் இல்லை.

கார் கொஞ்ச தூரம் போனதும் எனக்குள் இருந்த வாத்தியாரம்மா விழித்துக்கொண்டாள். “வக்கீல் சார், இதைவிடச் சான்று வேண்டுமா? நானே நினைக்காமல் சொன்னேன். வெறும் வாய்ப் பழக்கம்தான் என்பதற்கு நானே சாட்சி.”

“அப்படிப் போடுங்க மேடம்!” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. “ஆனால், வெறும் வாய்ப் பழக்கம் என்றால் அவர்கள் ஏன் பதறினார்கள்? அந்த அம்மா ‘எதற்கு வருகிறீர்கள்’ என்று கேட்டாரே. ‘வர்றேன்’ என்றால் வருவேன் என்றுதானே அவர் காதில் விழுந்திருக்கிறது?”

பொன்ராஜ் பிரேக் போட்டார். சாலையோரத்தில் கருவேல மரத்தடியில் கார் நின்றது. “மேடம், நீங்க எந்தப் பக்கம்?”

“நான் சொல்லின் பக்கம்.”

“சொல்லு ஹியரிங்குக்கு வராது மேடம். மகேஸ்வரிதான் வரணும். கிணறு வெட்டப் போயி பூதத்தக் கெளப்பிராதீக.”

அன்றைக்கு மகேஸ்வரி வீட்டுக்குப் போகவும் முடியாது என்றார். துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் பிள்ளை இருக்கிற வீட்டில் நுழையக் கூடாதாம். “நீங்கள் கிறிஸ்தவர்தானே?” என்றேன். “அவுக இல்லையே” என்றார். விடுதிக்குத் திரும்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காராச்சேவைக் கொறித்தபடி பிரமாணப் பத்திரத்தை எழுத உட்கார்ந்தேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த மூலையிலிருந்த அம்மா வந்து கேள்வி கேட்டார்.

மூன்றாம் நாள் காரிலேயே போனோம். மழைக்காக உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் கடன் என்றார் பொன்ராஜ். கருவேலங்கட்டையைக் கரியாக்க மூட்டம் போட்ட புகை ஓரிடத்தில் சாலையை மறைத்தது. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாதிரி ஒரு டிராக்டர் நின்றது.

மகேஸ்வரி முப்பத்தைந்து வயதுப் பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து, “வாங்கம்மா” என்றார். உள்ளே கட்டிலில் அவருடைய அப்பா. ஒரு கையும் ஒரு காலும் வராது. பேச்சும் குழறும், ஆனாலும் என்னைப் பார்த்து இடக்கையைத் தூக்கி நெற்றிக்கு நேராக வைத்தார்.

முதலில் சாப்பிடச் சொன்னார்கள். குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. நான் கேட்க வந்த கேள்வி காத்திருந்தாலும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

கைகழுவிவிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். “நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மொழிபெயர்த்தது நான்தான். அதை நான் தப்பாகச் செய்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.”

“எதை?”

“‘போயிட்டு வாரேங்க’ என்றதை. வருவேன் என்று உறுதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.”

“அதுல என்ன தப்பு?” என்றார் மகேஸ்வரி. “வாரேன்னுதான் சொன்னேன். வரணும்னுதான் நெனச்சேன். ரிட்டன் டிக்கட்டு கையில இருந்துச்சு. யாழினி ஸ்கூல் பையி, பொம்மை எல்லாம் அங்கனதான் கெடக்கு.”

பொன்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். “தாயி, கோர்ட்டுல இப்படிச் சொல்லிராத.”

“கேட்டா வேற என்னண்ணே சொல்ல?”

என் குறிப்பேட்டின் நாற்பத்தொரு ‘வாரேன்’களும் அந்த நிமிடமே வீணாகிவிட்டன. நான் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பொட்டு சந்தோஷமும் வரவில்லை.

“பிறகு ஏன் போகவில்லை?” என்றேன்.

“அஞ்சாவது வாரம் அப்பாவுக்கு வாதம் வந்துருச்சு. தம்பி புதுசா கல்யாணம் முடிச்சு திருப்பூரு போயிட்டான். அவருகிட்ட ஃபோன்ல சொன்னேன், இன்னும் கொஞ்ச நாளு ஆகுங்கன்னு. சரின்னாரு. பெறகு சண்டை. எப்ப வர்ற, எப்ப வர்றன்னு தினமும். நானும் கோவத்துல ரெண்டு பேசினேன். ஆனா வரமாட்டேன்னு ஒரு நாளும் சொல்லல.” எழுந்து பீரோவைத் திறந்து ஒரு உறையை எடுத்து வந்தார். “இது வந்துச்சு. இதுக்கப்பறந்தான் வரக் கூடாதுன்னு முடிவு பண்ணுனேன். இதுல கீழ ஒங்க பேரு போட்டு சீலு இருக்கு. அதான் வக்கீலண்ணே ஒங்க பேரச் சொன்னதும், அவுகள வரச் சொல்லுங்கன்னேன்.”

சுந்தரின் வக்கீல் அலுவலகம் அனுப்பிய கடிதம். மேலே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். பின்னால் இணைத்த தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு பக்கம். முத்திரை என்னுடையது. எழுதியதே நினைவில்லை. ஆண்டுக்கு எத்தனையோ கடிதங்கள்.

தமிழில் இப்படி இருந்தது: ‘தாங்கள் மேற்படி குழந்தையைக் கடத்திச் சென்று சட்டவிரோதமாக வைத்துள்ளீர்கள்.’

ஆங்கிலத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒப்புக்கொண்ட காலத்துக்கு மேல் பிள்ளையை முறையின்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த ஹேக் ஒப்பந்தத்தின் தலைப்பில் மட்டும் ‘அப்டக்‌ஷன்’ என்ற சொல் உண்டு. அதற்குத் தமிழில் கடத்தல் என்று வகுப்புக்காக நானே ஒரு சொற்பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டிப் போவது, வைத்துக்கொள்வது, அனுப்பாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல். சுருக்கம், தெளிவு என்று பெருமை வேறு. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து இந்தக் கடிதத்தில் இறக்கியிருக்கிறேன். சட்டவிரோதமும் நான் கூட்டிப் போட்டதுதான்.

“நான் அப்ப அப்பாவோட ஆஸ்பத்திரில இருக்கேன்” என்றார் மகேஸ்வரி. “தபால்காரரு எங்க சித்தப்பாகிட்ட குடுத்திருக்காரு. அவுக வாசல்ல நின்னுக்கிட்டே சத்தமாப் படிச்சிருக்காக. தெருவே கேட்டுருச்சு. கடத்தல்னா எங்க பக்கம் என்ன தெரியுமாம்மா? மணல் லாரி, ரேஷன் அரிசி. இல்லாட்டி பேப்பர்ல வரும், புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான்னு. பெத்த புள்ளைய நான் கடத்துனேனாம்.” குரல் உடையவில்லை. இரண்டு வருடமாகத் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. “ஏர்ப்போர்ட்டுல எறங்குனதும் வெலங்கு மாட்டிருவாக, புள்ளையப் புடுங்கிருவாகன்னாக. டிக்கட்டக் கிழிச்சுப் போட்டேன். அவருகிட்டப் பேசுறதையும் விட்டுட்டேன். கட்டுனவரே என்னையத் திருடின்னு எழுதிட்டாரு, இனி என்னத்தப் பேச?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டுக் கருவாட்டுக் குழம்பின் வாசம் இன்னும் கையில் இருந்தது, அதுவே என்னைக் குத்தியது. மன்னிப்புக் கேட்டேன். எழுதியது நான், உங்கள் கணவர் அல்ல என்றேன். மகேஸ்வரி கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப, போனா புடிக்கமாட்டாகளா?”

இதற்கு மட்டும் ஜாக்கிரதையாகப் பதில் சொன்னேன். அந்த ஒப்பந்தமே தாயைச் சிறையில் போட ஏற்பட்டதல்ல, பிள்ளையைத் திருப்புவதற்கு ஏற்பட்டது. இந்தியா அதில் சேரவும் இல்லை. ஆனால் இப்போது சிங்கப்பூரில் ஓர் உத்தரவு இருக்கிறது. அதை மீறினால் சிக்கல் உண்டு. போவதென்றால் இரண்டு பக்க வக்கீல்களும் பேசி, கைது நடவடிக்கை எதுவும் இருக்காது என்று அங்குள்ள நீதிமன்றத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போகலாம், அப்படிச் செய்கிறார்கள். போகாமல் இங்கேயே வழக்காடவும் அவருக்கு உரிமை உண்டு. எதைச் செய் என்று நான் சொல்ல மாட்டேன்.

“அன்னைக்கே இதை யாராச்சும் சொல்லியிருந்தா” என்றார், கடிதத்தை மடித்தபடி.

பொன்ராஜ் தொண்டையைச் செருமினார். “மேடம், அப்ப அபிடவிட்டு?”

“எழுதுகிறேன். ‘வாரேன்’ பற்றி அல்ல. நோட்டீஸில் இல்லாத குற்றத்தைத் தமிழில் ஏற்றியது நான் என்று எழுதுகிறேன்.”

“ஒங்க சீலுக்கு ஆபத்தாச்சே.”

“இருக்கட்டும்.” அங்கேயே எழுதத் தொடங்கினேன். முந்தின இரவு நாலு முறை கிழித்தவளுக்கு இப்போது ஒரே மூச்சில் வந்தது.

ஐந்தரைக்குப் பள்ளி வேன் வந்தது. எட்டு வயது யாழினி இறங்கியதும் குறுக்கே நின்ற ஆட்டைப் பார்த்து, “ஏலே, அங்கிட்டுப் போ” என்றாள். நான் சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பதாக அம்மா சொன்னதும் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். “ஒங்க வீடு எந்த ரயில் ஸ்டேஷன்?” சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். “எங்க அப்பா வீட்டுக்கு ஆறு ஸ்டேஷன். நடுவுல மாறணும்.” சரியாகத்தான் சொன்னாள். ஆறு வயதில் விட்டுவந்த பிள்ளை.

ஆறு மணிக்கு அப்பா கூப்பிடுவார் என்றாள். அங்கே எட்டரை. தினமும் வேலை முடிந்து, சாப்பிடுவதற்கு முன். தொலைபேசி ஒலித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நான் உள்ளே இருந்தேன், குரல்கள் கேட்டன. கணக்குப் பரீட்சை, பல் விழுந்தது, கன்றுக்குட்டி. மகேஸ்வரி அடுப்படி வாசலில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு ஆண்டாக இந்த நேரத்தில் அந்த இடத்தில்தான் நிற்பாராம், படத்தில் விழாதபடி.

திடீரென்று முற்றத்துக்குப் போனார். “யாழு, குடு. தாத்தாவுக்குத் தண்ணி குடுத்துட்டு வா.” பிள்ளை தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அம்மாவை வியப்பாகப் பார்த்தபடி உள்ளே போனாள்.

“என்னங்க” என்றார் மகேஸ்வரி.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, “மகியா?” என்றது ஆண் குரல்.

“அந்த நோட்டீஸ்ல நான் புள்ளையக் கடத்திட்டேன்னு எழுதச் சொன்னது நீங்களா?”

“என்ன சொல்ற? எந்த நோட்டீஸ்?”

“மொதல்ல வந்தது. தமிழ்ல.”

“நான் இங்கிலீஷ்லதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சொன்ன நாள் தாண்டிப் போச்சு, கூட்டிட்டு வான்னுதானே இருந்துச்சு? தமிழ்ல அவங்களே போட்டு அனுப்புனாங்க.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “ஏன், தமிழ்ல என்ன போட்டிருந்துச்சு?”

மகேஸ்வரி வாயைத் திறந்தார். அந்தச் சொல்லைக் கணவரிடம் இன்னொரு முறை சொல்ல அவரால் முடியவில்லை. தொலைபேசியையும் கடிதத்தையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

திரையில் அந்த முகம். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் இந்த வழக்குக்கு நான் போயிருந்த அன்று, தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். நான் யாரென்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதிய வாக்கியத்தை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். பிறகு ஆங்கிலத்தில் இருந்ததையும் வாசித்தேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் தப்பு என்றேன்.

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“மேடம், ஃபோனை அவகிட்ட குடுங்க” என்றார்.